சின்னக் கீறல்

அத்தியாயம் ஒன்பது

நேற்றுக் காலை மயில்வாகனம் சரி என்றார். நேற்று மாலை முடியாது என்றார். இரண்டுக்கும் நடுவில் அவருடைய கட்டிலருகே இருந்தது ஒரே ஆள்தான். அவருடைய மனைவி இந்திராணி.

மகன் அஜந்தன் விடிந்ததிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தான். கடையைத் திறக்கவில்லை. றக்வான பஸ் நிலையத்துக்குக் கீழே மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகம் விற்கிற கடை அது. பின்பக்கம் வீடு. மூடிய கதவின் முன்னால் வாயில் பற்பசை நுரையோடு நின்று பல் தேய்த்தான். தேய்த்து முடித்தும் தூரிகையை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லணும்," என்றாள் அவன் மனைவி கேஷானி. "இல்லன்னா அந்த இடம் வேற ஆளுக்குப் போயிரும்."

"தெரியும்."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க? பல்ல தேய்ச்சுக்கிட்டே நிப்பீங்களா?"

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் டொக்டர் நூரியா படம் போட்டுக் காட்டியிருந்தார். மயில்வாகனத்தின் இதயத்தில் இரண்டு வால்வுகள் ஒழுகுகின்றன. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. முன்னால் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு பின்னால் திரும்பி வருகிறது. அதனால் நுரையீரலில் நீர், வயிற்றில் நீர், காலில் நீர். படுத்தால் மூச்சு முட்டுகிறது. தலையணைகளை அடுக்கிவைத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார். நெஞ்சைத் திறந்து செய்கிற ஒப்பரேசனை எழுபத்தேழு வயதும் பழுதான சிறுநீரகமும் தாங்காது.

இன்னொரு வழி இருந்தது. தொடையில் சின்னக் கீறல். இரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழாயை விட்டு இதயம் வரை கொண்டுபோய், ஒழுகுகிற வால்வின் இரண்டு இதழ்களையும் நடுவில் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி ஒரு க்ளிப் மாட்டுவது. முதலில் இடது பக்கம். வலது பக்கத்தைப் பிறகு பார்ப்பது. கொழும்பில் அதைச் செய்கிறவர்கள் இன்று மாலை கூடி, யார் யாருக்கு என்று முடிவெடுப்பார்கள்.

நேற்றுக் காலை இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் மனிதர் சரி என்றார்.

"சும்மா சரின்னு சொல்லலங்க," என்றாள் கேஷானி. "கொழும்புக்கு உடுத்திக்கச் சாரம் எத்தன கொண்டு போகணும்னு என்கிட்ட கேட்டாரு. செருப்பு பழசாயிருச்சு, புதுசு வாங்கணும்னாரு. மனசு மாறப்போற ஆள் செருப்பு கேப்பாரா?"

"ம்."

"மத்தியானம் நான் சோத்துக் கேரியரோட வர்றேன். மாமி குனிஞ்சு அவரு காதுல என்னமோ சொல்லுது. ஒரே ஒரு வார்த்தைதான். அவரு கண்ண மூடிக்கிட்டாரு. சோத்த தொடல. சாயந்தரம் டொக்டர் வந்தா, முடியாதுங்கிறாரு. நான் ஒன்னும் சொல்லல. நடந்ததத்தான் சொல்றேன்."

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது கேஷானியின் வழக்கம்.

அஜந்தன் கரவனெல்லவில் இருக்கிற பெரியக்காவுக்குப் போன் போட்டான். அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே பேசினாள்.

"அம்மாதான்டா. வேற யாரு? அம்மா ஒன்னு சொன்னா அப்பா அதுக்கு மேல பேசமாட்டாரு. சின்ன வயசுலருந்து பாக்கிறேன். ரெண்டு பேருக்கும் நடுவுல என்னமோ ஒன்னு கெடக்கு. சண்டையும் இல்ல, சிரிப்பும் இல்ல. நீ பொறந்த பொறகுதான் அப்படி ஆச்சு."

"நான் என்னக்கா செஞ்சேன்?"

"நீ என்ன செய்வ, கைப்புள்ள. சும்மா சொன்னேன். அம்மாட்ட நேரா கேளு."

நேராகக் கேட்கிற தைரியம் அவனுக்கு இல்லை. அந்த வேலையைக் கேஷானி எடுத்துக்கொண்டாள்.

இந்திராணி குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில், கணவனுடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டை. ஆஸ்பத்திரியில் கிடக்கிற மனிதருக்கு எதற்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை என்று கேஷானிக்குத் தோன்றியது. தோன்றிய விடை அவளுக்குப் பிடிக்கவில்லை.

"மாமி, நேத்து மாமாட்ட என்ன சொன்னீங்க?"

"ஒன்னும் சொல்லல."

"நான் பாத்தேனே."

"பாத்தீல்ல? அப்புறம் எதுக்குக் கேக்கிற?"

"காதால கேக்கலயே."

இந்திராணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். எழுபது வயதில் அவளுடைய முதுகு நேராக இருந்தது. மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் சொல்லல. கேட்டேன். ஒரு கேள்வி. அதுக்கு அவரு பதில் சொல்லல. போதுமா?"

"என்ன கேள்வி மாமி?"

"புருசன் பொஞ்சாதி கேள்வி. ஒனக்கு எதுக்கு?"

"மாமா உசுருங்க மாமி. அதான் கேக்கிறேன்."

"உசுரு," என்றாள் இந்திராணி. சட்டையை மடித்தாள். "நீ கட்டிக்கிட்டு வந்து ஆறு வருசம். அந்த உசுரு கூட நான் எத்தன வருசம் கெடக்கிறேன்னு ஒனக்குத் தெரியுமா? போ. பஸ்ஸுக்கு நேரமாவுது."

மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் மலையிறங்கினார்கள். மாதம்பை தாண்டியதும் மழை பிடித்தது. இந்திராணி சன்னல் கண்ணாடியை இழுத்து மூடினாள். கேஷானி அவளுக்குப் பின் ஆசனத்தில் உட்கார்ந்து, அவளுடைய கொண்டையையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு மனுசி புருசன் பிழைப்பதை ஏன் தடுக்க வேண்டும்? கேஷானி மூன்று காரணங்கள் யோசித்தாள். மூன்றும் அசிங்கமானவை. ஒன்றையும் அவளால் கைவிட முடியவில்லை.

வார்டில் மயில்வாகனம் தலையணைகளில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கால்கள் இரண்டும் போர்வைக்கு வெளியே. பாதம் வீங்கி, தோல் பளபளவென்று இழுபட்டிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழும். கொஞ்ச நேரத்துக்கு மூடாது.

பக்கத்துக் கட்டிலில் இரத்தினக்கல் வியாபாரி ஜவ்பர். அவருக்கு நெஞ்சுவலி வந்து மூன்று நாட்கள் ஆகின்றன. வாய்க்கு மட்டும் ஒரு நோயும் வரவில்லை.

"வாங்க தம்பி, வாங்க. ஒங்கட வாப்பா ராவெல்லாம் எனக்கு எஞ்சின் பாடம் எடுத்த. இப்ப எனக்கும் ஒரு பெக்டரிய ஓட்ட ஏலும்."

மயில்வாகனம் தேயிலை பெக்டரியில் எஞ்சின் ட்ரைவராக இருந்தவர். அந்தப் பழைய எண்ணெய் எஞ்சினைப் பற்றி அவர் பேசுவதுபோல மனைவியைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

"நான் சொல்றதுல என்ன பிழ?" என்றார் அவர். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சுக்கு நின்றார். "வால்வு ஒழுகுனா கழட்டணும். தேய்க்கணும். திருப்பிப் பூட்டணும். உடுப்புக்கு மாட்டுற மாதிரி... க்ளிப் மாட்டுறவன் மெக்கானிக்கா?"

"அப்பா, இது எஞ்சின் இல்ல," என்றான் அஜந்தன்.

"ஒனக்கு எஞ்சினும் தெரியாது. இதுவும் தெரியாது."

"உங்களுக்கு இது தெரியுமா? நேத்துக் காலைல தெரியாத எஞ்சின் நேத்து மத்தியானம் எப்படி ஞாபகம் வந்துச்சு?"

மயில்வாகனத்தின் கண் ஒரு கணம் இந்திராணியின் பக்கம் போய்த் திரும்பியது. கேஷானி அதைப் பார்த்தாள். ஜவ்பரும் பார்த்தார்.

"அண்ணே, நான் ஒன்டு செல்லட்டா?" என்றார் ஜவ்பர். "கல்லு வாங்கிற எடத்துல ஒருத்தன் எல்லாப் பிழையும் செல்லிட்டு வாங்காமப் போனா, பிழ கல்லுல இல்ல. அவன் வேற எதையோ நெனச்சிட்டு ஈக்கிறான். ஒங்களுக்குப் பிரச்சின க்ளிப் இல்ல."

"நீங்க ஒங்க நெஞ்சப் பாருங்க ஐயா."

"பாத்துட்டுத்தான் ஈக்கிறேன். வேற வேல ஈக்கா இங்க?"

இந்திராணி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். கொண்டுவந்த வெள்ளைச் சட்டையைப் பையிலிருந்து எடுக்கவில்லை. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதில் நீண்ட பயிற்சி உள்ளவர்கள்.

டொக்டர் நூரியா வந்தபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. சின்ன உருவம், வேகமான நடை. பலாங்கொடைப் பக்கத்துப் பெண். தமிழில் பேசக் கிடைத்த நோயாளிகளிடம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பேசுவார்.

"அப்பா, கொழும்புக்கு நான் இப்ப கோல் எடுக்கணும். என்ன செல்ல?"

"வேணாம்னு சொல்லுங்க."

"ஏன்னு கேக்கலாமா? பயமா?"

"பயம் ஒன்னும் இல்ல." மூச்சு வாங்கினார். "சின்னக் கீறல். தையல் கூட வேணாம். ரெண்டு மூணு நாள்ல எந்திரிச்சு நடக்கலாம். இப்படித்தானே சொல்றீங்க?"

"ஓ. அப்படித்தான்."

"இதே பேச்ச நான் கேட்டிருக்கேன். வேற ஒருத்தன் வாயால. அது வேல செய்யல. நான் இதுக்கு மேல பேசல."

அஜந்தனுக்குப் பொறுக்கவில்லை.

"எது வேல செய்யல? எப்ப? நீங்க ஒரு ஒப்பரேசனும் செஞ்சதில்லயே அப்பா! அம்மா உங்களுக்கு என்ன சொல்லிக் குடுத்துச்சு? அத மட்டும் சொல்லுங்க!"

"கத்தாத."

"கத்துவேன். அம்மா, நீங்க சொல்லுங்க. இவரு சாகணும்னு இருக்கீங்களா?"

சொன்ன பிறகுதான் வார்டு அமைதியானது அவனுக்குத் தெரிந்தது. மருந்து வண்டியைத் தள்ளிவந்த நர்ஸ் மிஸ் கூட நின்றுவிட்டாள். கேஷானி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவளும் அதையேதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஒருவன் தன் தாயிடம் சத்தமாகக் கேட்டபோது கேவலமாக இருந்தது.

இந்திராணி மகனைப் பார்க்கவில்லை. டொக்டரைப் பார்த்தாள்.

"டொக்டர் மிஸ், நான் ஒன்னு கேக்கிறேன். இது இதயத்துக் கேள்வி இல்ல. பரவாயில்லயா?"

"கேளுங்கம்மா."

"ஒரு ஆம்பளைக்குப் புள்ள வேணாம்னு ஒப்பரேசன் செய்றாங்களே. சின்னதா கீறி. அத செஞ்சா அன்னைக்கே நின்னுருமா?"

"இந்திராணி!" என்றார் மயில்வாகனம். அவ்வளவு சத்தம் அவருக்குள் இருந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. உடனே இருமல் வந்துவிட்டது.

டொக்டர் நூரியா அவருடைய முதுகைப் பிடித்து நிமிர்த்தினார். இருமல் அடங்கும் வரை காத்திருந்தார். பிறகு, ஏதோ மருந்து வேளை சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

"இல்லம்மா. ஒடனே நிக்காது. ஏற்கெனவே உள்ளுக்கு ஈக்கிறது வெளிய போக மூணு மாசம் வரைக்கும் எடுக்கும். சில ஆக்களுக்கு இன்னும் கூட. பொறகு டெஸ்ட் ஒன்டு செஞ்சு பாத்துட்டுத்தான் சரின்னு செல்லுவோம். அதுவரைக்கும் பாதுகாப்பா ஈக்கணும். ஏன், அத செல்லலயா?"

"இல்ல."

"யாரும்?"

"தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வெளியிலருந்து ஆக்கள் வந்தாங்க. ஒரே நாள்ல வரிசையா நிப்பாட்டி செஞ்சாங்க. ஒரு வாரம் பாரம் தூக்காத, பொறகு எல்லாம் வழமை போலன்னு சொன்னாங்க. அவ்வளவுதான். அது தீபாவளிக்கு முன்னால." இந்திராணி மூச்சு விடாமல் சொன்னாள். "அடுத்த ஆவணியில இவன் பொறந்தான்."

இவன் என்று சொல்லும்போது விரலை நீட்டவில்லை. நீட்டத் தேவையிருக்கவில்லை.

அஜந்தன் வாய் திறந்து நின்றான். இதுவரை கதையில் இல்லாத ஒருவனாக அவனை எல்லோரும் பார்த்தார்கள். ஜவ்பர் முதல்முறையாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நாற்பது வருடங்களாக மயில்வாகனம் தன் குடும்பத்தை ஒரே ஒரு கணக்கின் மேல் நிறுத்தி வைத்திருந்தார். ஒப்பரேசன் சரியாக நடந்திருந்தால் மனைவி சரியில்லை. மனைவி சரி என்றால் ஒப்பரேசன் சரியாக நடக்கவில்லை. இரண்டும் சரியாக இருக்க வழி இருப்பதாக அவருக்குத் தெரியாது. அவர் மனைவியைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் கீறல் பிழை என்று முடிவு கட்டினார். அதற்குப் பிறகு எந்த டொக்டரின் சின்னக் கீறலையும் நம்பக்கூடாது. நம்பினால் கணக்கு மறுபக்கம் சாய்ந்துவிடும்.

நேற்றுக் காலை மூச்சு முட்டிய அவஸ்தையில் அதை மறந்து சரி என்றுவிட்டார். மத்தியானம் இந்திராணி குனிந்து அவர் காதில் கேட்டது இதுதான்: அப்ப, சின்னக் கீறல் வேல செய்யும்னு இப்ப நம்புறீங்களா?

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மாலையில் முடியாது என்றார். அவளுக்காகச் சாவது அவருக்குச் சுலபமாக இருந்தது. அவளிடம் பேசுவது சுலபமாக இல்லை.

"ஏன்டி இத்தன வருசம் கேக்கல?" என்றார் இப்போது. குரல் கீழே இருந்து வந்தது. "யாராச்சும் ஒரு டொக்டர்ட்ட கேட்டிருக்கலாமே."

"நான் கேட்டா குத்தவாளி கேக்கிற மாதிரி. நீங்க கேட்டா என்னைய நம்பாத மாதிரி. நீங்களும் கேக்கல, நானும் கேக்கல."

"நான் நம்புனேன்."

"நம்புனீங்க. ஆனா அவன தூக்கல. அவனுக்கு நடக்கத் தெரியிற வரைக்கும் நீங்க அவன தூக்கல."

மயில்வாகனம் போர்வையின் ஓரத்தை விரலால் நிமிண்டினார். நம்பினேன் என்று அவர் சொன்னது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. முழுதாக நம்பியவன் ஒரு தடவையாவது விசாரித்திருப்பான்.

டொக்டர் நூரியா எழுந்து போகப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"எனக்கு ஒங்கட வீட்டு விசயம் வேணாம் அப்பா. ஆனா இப்ப ஒன்டு வெளங்குது. அன்டைக்கு ஒப்பரேசன் பிழையாப் போகல. செல்ல வேண்டியத செல்லாம வுட்டதுதான் பிழ. நான் எல்லாத்தையும் செல்லுறேன். கேக்கிறீங்களா?"

"சொல்லுங்க."

"இடது பக்க வால்வுக்குத்தான் மொதல்ல க்ளிப். அது சரியாப் புடிச்சா மூச்சு லேசாகும். வலது பக்கம் அதோட தானாவே கொறையலாம். கொறையாமலும் போகலாம். கொறையலன்டா இன்னொரு முற செய்யணும், அது நம்ம நாட்டுல ஏலுமான்டு எனக்கு இப்ப செல்ல ஏலாது. ஒழுக்கு முழுசா நிக்காது, கொறையும். சில பேருக்கு க்ளிப் மாட்டியும் பெரிய வித்தியாசம் வாறதில்ல. ஒங்கட கிட்னிக்கு ஆபத்து ஈக்கு. செய்றப்பவே ஏதும் நடக்கவும் ஏலும். செய்யாம வுட்டா, இந்த மாதிரித் தண்ணி ஏறி எறங்கி, ஒவ்வொரு தரமும் எறங்குறது கொறஞ்சிட்டே வரும்."

"நிச்சயம்னு ஒன்னும் சொல்லமாட்டேங்கிறீங்க."

"செல்ல ஏலாது."

"அன்னைக்கு வந்தவன் நிச்சயம்னான்," என்றார் மயில்வாகனம். சன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். மூச்சு இழுத்தது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

"ஹரி, சரி. செய்ங்க."

இந்திராணி பையைத் திறந்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்துக் கட்டில் தலைமாட்டில் வைத்தாள்.

"கொழும்புக்குப் போறப்ப போட்டுக்கங்க. அழுக்குச் சட்டையோட போய் நிக்காதீங்க."

கேஷானி தரையைப் பார்த்தாள்.

திரும்புகிற பஸ்ஸில் கூட்டம் இருந்தது. கொடகவெலவில் பாதிப்பேர் இறங்கினார்கள். அஜந்தனுக்கு அம்மாவின் பக்கத்தில் இடம் கிடைத்தது. கேஷானி முன் ஆசனத்தில் இருந்தாள்.

சந்தோசப்பட வேண்டிய நேரம். அப்பாவின் பெயர் கொழும்புக்குப் போய்விட்டது. அங்கே இன்று மாலை சரி என்றால் அடுத்த புதன்கிழமை அம்புலன்ஸில் கொண்டுபோவதாக டொக்டர் சொல்லிவிட்டார். பெரியக்காவுக்குப் போனில் சொன்னபோது அவள் அழுதாள். அஜந்தனுக்குச் சந்தோசம் வரவில்லை. அது வர வேண்டிய இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருந்தது.

சன்னல் கண்ணாடியில் அவனுடைய முகம் தெரிந்தது. அகலமான நெற்றி. ஒட்டிய காது. அப்பாவின் காது ஒட்டியதா? அவனுக்கு ஞாபகம் வரவில்லை. நாற்பது வருடங்களாகப் பார்த்த காது.

மூணு மாசம் வரைக்கும் எடுக்கும் என்றார் டொக்டர். எடுக்கும் என்றால், நடந்திருக்க முடியும். நடந்தது என்று அவர் சொல்லவில்லை. அவரால் சொல்லவும் முடியாது.

"அம்மா."

"ம்."

"நான் பொறக்கிறதுக்கு முந்தின வருசம் மழைக்காலத்துல அப்பா தெனியாயப் பக்கம் வேற பெக்டரிக்கு எஞ்சின் பூட்டப் போயிருந்தேன்னு சொல்லுவாரே. அங்கயே தங்கி வேல செஞ்சேன்னு. அது அந்தத் தீபாவளிக்குப் பொறகுதானே?"

முன் ஆசனத்தில் கேஷானியின் தலை அசையாமல் நின்றது. அவள் காதில் அது விழுந்துவிட்டது.

"சும்மாதான் கேட்டேன்," என்றான் அஜந்தன்.

"சும்மா கேக்கல."

"நடுவுல வீட்டுக்கு வந்து போனாராம்மா? அத மட்டும்..."

இந்திராணி அவன் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"உங்கப்பா நாப்பது வருசமா கேக்காத கேள்வி," என்றாள். "நீ ஒரு பஸ் பயணம் முடியிறதுக்குள்ள கேட்டுட்ட."

பஸ் ஏற்றத்தில் முனகிக்கொண்டு வளைவு திரும்பியது. வலது பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் பிரிகிற மண்பாதை. மயில்வாகனம் எஞ்சின் ஓட்டிய தோட்டம். ஓய்வு பெற்று வந்த பிறகு குடும்பத்தில் ஒருவரும் அந்தப் பாதையில் ஏறியதில்லை. இந்திராணி எழுந்து மணியை அடித்தாள்.

"அம்மா, நம்ம எடம் இன்னும் வரல."

"தெரியும். மேல இன்னும் ஆள் இருக்கு. உங்கப்பா எப்ப வந்தாரு, எப்ப போனாருன்னு தெரிஞ்ச ஆள். வேற என்னென்னமோவும் தெரிஞ்ச ஆள். ஒனக்கு வேண்டியத ஒன் வாயால கேளு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

"யாரும்மா?"

அவள் முன்னால் போனாள். பஸ் நின்றது. மழை ஓயவில்லை. இந்திராணி படியில் கால் வைத்தபோது தடுமாறினாள். கேஷானி சட்டென்று எழுந்தாள். மாமியாரின் பையை வாங்கிக்கொண்டாள், கையைப் பிடித்துக்கொண்டாள். புருசனைத் திரும்பிப் பார்க்காமல் அவளோடு இறங்கினாள்.

இரண்டு பெண்களும் ஒரே குடையின் கீழ் மண்பாதையில் நின்றார்கள்.

"மஹத்தயா, பஹினவாத?" என்று கேட்டான் கண்டக்டர். இறங்குவதா இல்லையா என்று ட்ரைவரும் கண்ணாடியில் பார்த்தார்.

அஜந்தன் எழுந்தான். கதவுவரை வந்தான். கம்பியைப் பிடித்தான்.

அங்கேயே நின்றான்.